சிங்கப்பூரில் நம் சாப்பாடு, புகை, காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல்நலப் பரிசோதனை முகாம்களில் தொண்டூழியம் செய்யும்போது நம் மக்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாவற்றையும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். மற்றபடி இங்கே இருப்பது நம் அடுக்குமாடி புளோக்கிலும் காப்பிக்கடையிலும் வேலையிடத்திலும் தினமும் நடக்கிற சங்கதிகள்.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாததும் சிகரெட்டை விடாததும் அவரவர் தவறுதானே? இதில் வட்டாரத்துக்கு என்ன வேலை?

மனஉறுதி தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஆறரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். எம்ஆர்டி ரயிலுக்குப் போகிற வழியில் ஒரு காப்பிக்கடை. பசியாற அங்கே இருப்பது பரோட்டா, மீ கோரெங் என்ற வறுத்த நூடல்ஸ், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, கெட்டிப்பால் ஊற்றிய தே, அதாவது தேநீர். அவருக்குக் கையில் இருப்பதோ பத்து நிமிடம். கடையில் இல்லாத ஒன்றை அவர் எப்படிக் கேட்டு வாங்குவார்? இரவு களைத்துத் திரும்பும்போதும் அதே கடைதான் திறந்திருக்கும். வீட்டு ஜன்னலுக்குக் கீழே யாரோ சிகரெட் பிடித்தால், அந்தப் புகை மூக்கில் ஏறாமல் தடுக்க எந்த மனஉறுதியாலும் முடியாது.

சுற்றுப்புறம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 2017இல் சிங்கப்பூரில் விற்ற அடைக்கப்பட்ட பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 7.1 விழுக்காடு. 2023இல் அது 4.6 ஆகிவிட்டது. பானங்களுக்குத் தரக்குறியீடு வரப்போகிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் தயாரிப்பையே மாற்றின. அதே கடையில் அதே டின்னை வாங்கிக் குடித்தவரின் உடம்புக்குள்ளும் சர்க்கரை குறைவாகவே போயிற்று. அவர் எந்தச் சபதமும் எடுக்கவில்லை. தினமும் புகைப்பவர்களும் 2010இல் 13.9 விழுக்காடு, 2022இல் 9.2 விழுக்காடு. விலை, வயது வரம்பு, விளம்பரத் தடை, புகைக்கக் கூடாத இடங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அதனால்தான் ஒருவரைத் திட்டுவதற்கு முன் அவர் தினமும் நடக்கிற வழியைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாடு வேறு, சிகரெட் வேறு, காற்று வேறு. மூன்றையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: நம் இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குழாயின் உட்சுவர் கெடும். உப்பு கூடினால் அழுத்தம் ஏறும். சிகரெட் புகை அதே சுவரைப் புண்ணாக்கும், இரத்தத்தைக் கட்டியாக்கும். காற்றிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலைத் தாண்டி இரத்தத்திலும் கலக்கும். புகைப்பவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட 30 முதல் 40 விழுக்காடு அதிகம். சிகரெட் சர்க்கரை நோயையும் கொண்டுவரும் என்று சொன்னால் முகாமில் பலரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நுரையீரல் மட்டும்தான் கெடும் என்றே பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள்.

இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் என்பது உண்மையா? பரம்பரை என்றால் நாம் என்ன செய்ய முடியும்?

உண்மைதான். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேர்கிறது. கை, கால் மெலிந்திருக்கும், தொப்பை மட்டும் தள்ளியிருக்கும். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தையல் டேப் ஒன்று போதும், தொப்புள் மட்டத்தில் வைத்து வீட்டிலேயே அளந்துவிடலாம். ஆனால் நம் பாட்டன், பூட்டனுக்கும் இதே பரம்பரைதானே? அவர்கள் துறைமுகத்திலும் தோட்டத்திலும் நாள் முழுக்க உடம்பால் உழைத்தார்கள். நாம் அதே அளவு சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் குளிரூட்டிய அறையில் உட்காருகிறோம்.

தினமும் மூன்று தே குடிக்கிறேன். அதில் அப்படி என்ன சர்க்கரை இருக்கப்போகிறது?

அடுத்த முறை தே கலக்குகிறவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். கோப்பையில் முதலில் விழுவது கெட்டிப்பால். கரண்டியை டின்னுக்குள் விட்டுத் தூக்கி, வழிய வழியக் கோப்பையின் அடியில் விடுவார். அதன் மேல் துணிப்பையில் வடிந்த கடுஞ்சாயம், பிறகு சுடுதண்ணீர். கலக்குவதற்கு முன் கண்ணாடிக் கோப்பையில் பார்த்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாக நிற்கும். இனிப்பூட்டிய அந்தக் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் என்றால் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டிக்கு மேல். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டாவது கோப்பையிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடலாம்.

தேயை விடச் சொல்லவில்லை. கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "அண்ணே, தே சியூ டாய்" என்றால் இனிப்புக் குறையும். "தே சி கோசோங்" என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலோடு வரும், சர்க்கரை சேர்க்க மாட்டார்கள். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சியூ டாய் எவ்வளவு குறைவு என்பது கலக்குபவரின் கையைப் பொறுத்தது, அதனால் முதல் சில நாள் சொல்லி வாங்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு பழைய தே குடித்தால் திகட்டும் என்று பலர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

மைலோவும், ரோஜா சர்பத்தில் பால் கலந்த பந்துங்கும் இதே கணக்குத்தான். பிள்ளைகளுக்கு "சத்து" என்று வாங்கிக் கொடுக்கும் குளிர் மைலோவில் மைலோவின் சர்க்கரையோடு கெட்டிப்பாலின் சர்க்கரையும் சேரும்.

பான டின்னில் ஏ, பி, சி, டி என்று போட்டிருக்கிறார்களே, எப்படிப் பார்ப்பது?

அது நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு. அடைக்கப்பட்ட பானங்களுக்கு 2022 டிசம்பர் 30இல் நடப்புக்கு வந்தது, கடையில் கலந்து தரும் பானங்களுக்கு அதற்கு அடுத்த ஆண்டு அதே தேதியில். நூறு மில்லிலிட்டரில் சர்க்கரை 1 கிராமுக்குள், செயற்கை இனிப்பும் இல்லை என்றால் 'ஏ'. 5 கிராம் வரை 'பி', 10 கிராம் வரை 'சி', அதற்கு மேல் 'டி'. நிறைவுற்ற கொழுப்பும் கணக்கில் வரும். 'டி' பானத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது.

இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சிறு கடைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே காப்பிக்கடைப் பலகையில் எழுத்து இல்லாததால் அது 'ஏ' ஆகிவிடாது. பபிள் டீயில் போடும் முத்து, ஜெல்லிக்குத் தனிக் கணக்கு. கோப்பைக்கு 'பி' என்று போட்டிருந்தாலும் முத்தின் சர்க்கரையை நீங்கள்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சமைக்க நேரமே இல்லை. மூன்று வேளையும் வெளியில்தான். என்ன வாங்கலாம்?

இந்த ஊரில் வெளியில் சாப்பிடுவது யாருக்கும் இழுக்கு இல்லை. நம் உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோவே பட்டியலில் சேர்த்தது. தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் கேள்வி. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக்கணக்கு எளிது: பாதித் தட்டு காய், பழம், கால் தட்டு பருப்பு, மீன், முட்டை, கோழி போன்றவை, கால் தட்டு சோறு அல்லது ரொட்டி, முடிந்தவரை முழுதானியம். நம் வாழையிலைச் சாப்பாட்டில் இந்தக் கணக்கு தலைகீழாகக் கிடக்கும். நடுவில் சோறு மலைபோல் இருக்கும், ஓரத்தில் இரண்டு கரண்டி கோஸ் பொரியல்.

சோற்றைப் பாதியாகக் கேளுங்கள், காய்க்குக் கூடக் காசு கொடுங்கள். அந்த ஒரு வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) ஒன்றரை வெள்ளியோ வீண் போகாது. வெள்ளைச் சோறு தினமும் ஒரு தட்டு கூடினால் நீரிழிவு வாய்ப்பு 11 விழுக்காடு கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். முதலில் காயையும் பருப்பையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வாருங்கள். சாப்பிட்டபின் சர்க்கரை மளமளவென்று ஏறாமல் இருக்க இது உதவும்.

பரோட்டா? மைதா, அதைத் தோய்க்கும் கொழுப்பு, கல்லில் மறுபடி எண்ணெய். நான் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். அன்றைக்கும் முட்டை போட்டது ஒன்றும் பருப்புக் குழம்பும் போதும். அதே கடையில் தோசையும் இட்லியும் இருந்தால் மற்ற நாளுக்கு அவை ஆகும், ஆனால் மூன்றாவது தோசைக்குப் பதில் சாம்பாரில் இருக்கும் காயைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு இனிப்பே பிடிக்காது. அப்படியானால் கவலை இல்லையே?

உப்பு இருக்கிறதே. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவுக்கு மேல் உப்புச் சாப்பிடுவது தெரியவந்தது. சராசரியாக ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம். இருக்க வேண்டியது 2,000, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி உப்பு. 2021, 2022 மக்கள்நல ஆய்வில் 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

நம் தட்டில் உப்பு ஒளிந்திருப்பது குழம்பில். சோறு போட்டதும் "கறிக் குழம்பு ஊத்துங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்கும் பழக்கம் நமக்கு. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொண்டால் பாதிக்கு மேல் கிண்ணத்திலேயே நின்றுவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சம்பால், உடனடி நூடல்ஸின் தூள் பொட்டலம் ஆகியவையும் அப்படித்தான். உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய்க்கும் நியூட்ரி-கிரேட் 2027 நடுப்பகுதியில் வருவதாக அறிவித்திருக்கிறார்கள்.

கடைகளில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகமும் பலவீனமாக இருக்கும்.

வனஸ்பதி இன்னும் விற்கிறதா?

வனஸ்பதியில் இருந்த பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்க்கு 2021 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் தடை. ஊரிலிருந்து கொண்டுவரும் பலகாரப் பொட்டலத்தின் பின்பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள்.

கோயில் அன்னதானத்திலும் கல்யாணத்திலும் இனிப்பில்லாமல் எப்படி?

இனிப்பு இல்லாமல் வேண்டாம். அளவோடு இருக்கட்டும். விருந்தோம்பலில் நாம் குறை வைக்க மாட்டோம், வைக்கவும் கூடாது. ஆனால் பந்தியில் உட்காரும் பெரியவர்களில் எத்தனை பேர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள் என்று பரிமாறுபவர்களுக்கே தெரியும். பாயசத்துக்குச் சின்னக் கிண்ணம், பந்தியின் கடைசியில் பழம், ஒவ்வொரு மேசையிலும் வெறும் தண்ணீர் என்று இவ்வளவு செய்தாலே பெரிய விஷயம். அரிசியில் கொஞ்சம் பழுப்பரிசி கலந்து வடித்தால் முதல் நாள் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை நடப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் வண்ணச் சர்பத்தைவிட நீர்மோர்தான் உடம்புக்குக் குளிர்ச்சி. நீர்மோரும் சுண்டலும் நம் பழக்கம்தானே, புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. கோயில் நிர்வாகக் குழுவிலோ தொண்டூழியர் குழுவிலோ இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஒருவர் மாறுவதைவிட ஒரு பந்தி மாறினால் போய்ச் சேரும் ஆட்கள் அதிகம்.

புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து புகைக்கிறார்கள். சட்டப்படி சரியா?

சரியில்லை. 2013 ஜனவரி முதல் கீழ்த்தளம், பொது நடைபாதை, மாடிப்படி, கூரை போட்ட இணைப்புப் பாதை, பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 5 மீட்டர் ஆகிய எல்லா இடத்திலும் தடை. 2022 ஜூலை முதல் எல்லாப் பொதுப் பூங்காக்களிலும் தடை. பிடிபட்டால் 200 வெள்ளி அபராதம், நீதிமன்றம் போனால் 1,000 வெள்ளி வரை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் இடத்தையும் நேரத்தையும் போட்டுப் புகார் செய்யலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் அவர் ஜன்னலோரம் நின்று புகைக்கிறார், எங்கள் படுக்கையறைக்குள் வருகிறது. குழந்தைக்கு ஆஸ்துமா.

இதுதான் என்னை மிகவும் சங்கடப்படுத்தும் கேள்வி. வீட்டுக்குள் புகைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஜன்னலோரப் புகைக்கும் தடை வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார்கள், அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று அரசாங்கம் தயங்கியது. பிறர் புகையில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவு கிடையாது. அதனால் குழந்தையின் நுரையீரல் பக்கம்தான் நான் நிற்பேன், சட்டம் இன்னும் ஒரு படி வர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இன்றைக்குச் செய்யக்கூடியது: நேரில் போய்ப் பேசுங்கள், கோபத்தோடு அல்ல. "அண்ணே, சின்னவனுக்கு இழுப்பு, ராத்திரி தூங்க மாட்டேங்கிறான்" என்று சொன்னால் பலரும் இறங்கி வருவார்கள். தன் புகை அடுத்த வீட்டுக்குள் போவதே நிறையப் பேருக்குத் தெரியாது. அது நடக்கவில்லை என்றால் நகர மன்றம், அப்புறம் சமூக சமரச நிலையம். கடைசியாக அண்டைவீட்டார் பூசல்களை விசாரிக்கும் நடுவர் மன்றம் இருக்கிறது. நாள், நேரம், குழந்தையின் மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் குறித்து வைத்திருங்கள்.

புகைப்பவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால், சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துப் புகைப்பதும் மின்விசிறி போடுவதும் பலன் தராது. புகையின் படிவு சட்டையிலும் சோபாவிலும் தங்கும். வெளியே அனுமதித்த இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

வெற்றிலை பாக்கு போடுவது மங்கலம்தானே? அதில் புகையே இல்லையே?

தாம்பூலத் தட்டில் வைப்பதும் வாயில் அடக்கி நாள் முழுக்க மெல்லுவதும் ஒன்றல்ல. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைப் பாக்கு, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில்தான் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயை மூன்று விரல் அகலம்கூடத் திறக்க முடியாமல் போவது முதல் அறிகுறிகளில் ஒன்று. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்கா, கைனி, சர்தா போன்ற மெல்லும் புகையிலையை விற்பதும் கொண்டுவருவதும் 2016 ஆகஸ்ட் முதல் இங்கே தடை. ஊரிலிருந்து வரும் நண்பரிடம் "இரண்டு பாக்கெட் கொண்டுவா" என்று சொல்லாதீர்கள், விமான நிலையத்தில் மாட்டுவது அவர்தான். பீடியை இலை என்று நினைத்து லேசாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதனுள் இருப்பது புகையிலை, அணையாமல் இருக்க இன்னும் ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும்.

மகனின் பையில் மின்சிகரெட் இருந்தது. போலீசுக்குப் போவதா, மறைப்பதா?

இரண்டும் வேண்டாம், முதலில் உட்கார்ந்து பேசுங்கள். மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனை இன்னும் கடுமை: முதல் முறை பிடிபட்டால் 18 வயதுக்குட்பட்டவருக்கு 500 வெள்ளி, மற்றவர்க்கு 700 வெள்ளி. மீண்டும் பிடிபட்டால் மறுவாழ்வுத் திட்டத்துக்குப் போக வேண்டும். வெளிநாட்டவர் திரும்பத் திரும்பச் சிக்கினால் வேலை அனுமதியே போகலாம்.

பயப்பட வேண்டியது அபராதத்துக்கு மட்டும் இல்லை. மருத்துவமனையில் மயக்க மருந்தாகப் பயன்படும் எட்டோமிடேட்டைக் கலந்த 'கேபாட்' குப்பிகள் இளையர்களிடம் புழங்கின. அதனால்தான் அதே தேதியில் எட்டோமிடேட் சி வகைப் போதைப்பொருளாகப் பட்டியலில் சேர்ந்தது. பையன் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், கை கால் வெட்டி இழுத்தால் உடனே 995இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தானாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை. இதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் வாய் திறப்பான்.

சிகரெட்டை விட வேண்டும். எங்கே தொடங்குவது?

1800 438 2000 என்ற சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் எண்ணைக் கூப்பிடுங்கள். 28 நாள் திட்டம் ஒன்று இருக்கிறது. மருந்தகங்களில் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் பற்றி மருந்தாளரிடம் கேளுங்கள். கடைசி சிகரெட் பிடித்த ஓர் ஆண்டில் இதய நோய் வாய்ப்பு, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகக் குறையும். பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விடுவதில்லை, அதனால் மறுபடி தொடங்கிவிட்டவரை யாரும் கேலி செய்யாதீர்கள். தே குடித்ததும் சிகரெட் தேடும் கை இருந்தால், தே குடிக்கிற இடத்தை மாற்றிப் பாருங்கள்.

புகைமூட்டம் வரும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

இரண்டு எண் இருக்கிறது, இரண்டுக்கும் வேலை வேறு. நாளைக்குத் திட்டமிட 24 மணி நேர பிஎஸ்ஐ என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு: 50 வரை நன்று, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். இப்போதே வெளியே போகலாமா என்று பார்க்க ஒரு மணி நேர பிஎம் 2.5, அதாவது நுண்துகள் அளவு: 55 வரை வழக்கமானது, 150 வரை கூடுதல், 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து வட்டாரத்துக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். உட்லண்ட்ஸில் இருந்துகொண்டு பிடோக்கின் எண்ணைப் பார்க்காதீர்கள்.

சுமத்ராவிலும் களிமந்தானிலும் கரிமண் நிலம் எரிந்து, தென்மேற்குப் பருவக்காற்றில் புகை இங்கே வருகிறது. 2013 ஜூன் 21இல் மூன்று மணி நேர பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25இல் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிகளை மூடினார்கள். வெளிநாட்டில் தீ மூட்டும் நிறுவனங்களையும் தண்டிக்க 2014இல் இங்கே சட்டம் வந்தது. காற்று எல்லை பார்க்காது என்பதால் அந்தச் சட்டம் தேவைப்பட்டது.

புகைமூட்டம் இல்லாத நாளிலும் வாகனப் புகை உண்டு. விரைவுச்சாலை ஓரத்தில் ஓடுவதைவிடப் பூங்கா இணைப்புப் பாதையில் உள்ளே தள்ளி ஓடுவது நல்லது.

முகமூடி போட்டால் போதுமா?

துணி முகமூடியும் அறுவை முகமூடியும் இந்த நுண்துகளை நிறுத்தாது. என்95 நிறுத்தும், அதுவும் முகத்தோடு இறுகப் பொருந்தினால்தான். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். வீட்டில் ஜன்னலைச் சாத்தி, ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மிப்பான் இருந்தால் ஒரே அறையில் வைத்து அந்த அறையில் தூங்குங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஜூன் மாதத்துக்கு முன்பே மருந்து கையிருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பிராணியும் ஊதுபத்தியும்கூடக் கெடுதல் என்கிறார்களே?

பூசையை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் மணம் இருந்தாலும் புகை புகைதான். 1993 முதல் 1998 வரை சேர்க்கப்பட்ட 63,257 சிங்கப்பூர்ச் சீனர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், வீட்டில் ஊதுபத்தி ஏற்றுபவர்களுக்கு இதய, இரத்தக் குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 12 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்கள் சீனர்கள், நாம் தமிழர்கள் என்று அந்தப் புகை பார்க்காது.

மூன்றறை வீட்டில் ஜன்னலைச் சாத்தி, குளிரூட்டியைப் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபக்காலில் சாம்பிராணி போட்டால் புகை போக வழியில்லை. மூலையில் தொட்டிலில் குழந்தை தூங்கும், சோபாவில் தாத்தா இருமுவார். ஜன்னலைத் திறங்கள், ஒரு பத்தி போதும், எரிந்து முடிந்தபின் இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே வையுங்கள். புகைமூட்ட நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியாது, அன்றைக்கு விளக்கும் பூவும் போதும்.

சமையலறைக்கும் இதே பேச்சுத்தான். காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது வீடே இருமுகிறது என்றால் அந்தக் காற்றை அம்மா தினமும் அருகில் நின்று சுவாசிக்கிறார். அதிக சூட்டில் பொரிக்கும் எண்ணெய்ப் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அடுப்பு மேல் புகைபோக்கி இருந்தால் எண்ணெய் காய்வதற்கு முன்பே போடுங்கள், அதன் வடிகட்டியைக் கழுவுங்கள்.

வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருக்கிறேன். கேட்டரிங் சாப்பாடுதான். எனக்கு எந்தத் தேர்வும் இல்லையே?

உண்மை. மேலே எழுதிய "பாதிச் சோறு, கூடக் காய்" எதுவும் உங்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்துதான் இதைத் தனியாக எழுதுகிறேன். விடியுமுன் சமைத்த பொட்டலம், லாரியில் வந்து, வேலைத் தளத்தின் வேலியில் பையோடு தொங்கும். மதியம் பிரித்தால் சோறு கட்டியாக இருக்கும், குழம்பு தனி நெகிழிப் பையில். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதுதான் பாதுகாப்பு அளவு. கேட்டரிங் பொட்டலத்தில் நேர முத்திரை இருக்க வேண்டும், அதைப் பாருங்கள். வெப்பத்தில் கிடந்த சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு சூடாக்கினாலும் போகாது. வாடை வந்தாலோ நூல் விட்டாலோ பசியோடு இருந்தாலும் சாப்பிடாதீர்கள்.

முத்திரை இல்லை, நேரம் தவறுகிறது என்றால் நாலைந்து பேராகச் சேர்ந்து மேற்பார்வையாளரிடமோ விடுதி நிர்வாகத்திடமோ படம் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் குறை, பலர் சொன்னால் வேலை நடக்கும். விடுதியில் சமையலறை இருந்தால் இரவில் கூட்டாகச் சமைப்பது செலவும் குறைவு, காயும் சேரும். வாழைப்பழமும் அவித்த முட்டையும் எந்தப் பொட்டலத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். வெளியே வேலை செய்யும் நாளில் புகைமூட்டம் கூடினால் என்95 கேளுங்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து விடுதிவாசிகளுக்கு அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது, மருத்துவ நிலையத்தில் பார்க்க 5 வெள்ளி.

எங்கே போய்ப் பரிசோதித்துக்கொள்வது?

நீங்கள் சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி, 40 வயது தாண்டிவிட்டது என்றால் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். புளோக்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவராக, தமிழில் பேச வேண்டும் என்றால் தமிழ் தெரிந்தவராக. இரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தாலோ, கர்ப்பகாலத்தில் உங்களுக்குச் சர்க்கரை வந்திருந்தாலோ 40 வரை காத்திருக்க வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், பாக்குப் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வாங்கிவந்து சாப்பிடும் மாத்திரை, லேகியம் எது இருந்தாலும் அட்டையோடு, டப்பாவோடு எடுத்துப் போங்கள்.